பட்டாளக் கப்பல் கூப்பிட்ட மீன்கள்

பிரகாசி மீனைத் தொடவில்லை.

கோயில் திருவிழாச் சாப்பாடு. வாழையிலையில் சோறு, பாரை மீன் குழம்பு, பொரித்த விளமீன். தங்கை ஜெசிந்தா பார்த்துப் பார்த்துப் பரிமாறியிருந்தாள். அக்காள் ரசத்தை ஊற்றிப் பிசைந்து அப்பளத்தோடு சாப்பிட்டு முடித்தாள். மீன் துண்டுகளை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு எழுந்தாள். கை கழுவும் இடத்தில் ஜெசிந்தா மெதுவாக, மீனில் ஏதும் கோளாறா என்று கேட்டாள்.

"கோளாறு ஒண்ணும் இல்லட்டி. இது நீயும் நானும் பொறந்த ஊரு மீனு. அத உன் வீட்டுல விருந்தாளி மாதிரி உக்காந்து திங்க மனசு வரல."

சொல்லிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஜெசிந்தாவும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள், அதோடு முடிந்திருக்கும்.

அக்கா தங்கை இருவரும் நெடுந்துறையில் பிறந்தவர்கள். பிரகாசி உள்ளூரிலேயே கஸ்பாரைக் கட்டிக்கொண்டாள். ஜெசிந்தா தெற்கே பனைத்துறையில் வியானிக்கு வாழ்க்கைப்பட்டாள். இரண்டு ஊருக்கும் இடையே உப்பளங்களும் பனங்காடுகளும் கடந்து போகும் ஒரு பஸ். கரையில்தான் அத்தனை தூரம். கடலில், பனைத்துறையைத் தாண்டும் நீரோட்டம் நேரே நெடுந்துறைக்குத்தான் போகிறது. அக்காள் சொன்னதன் பொருள் அந்த நீரோட்டத்தில் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் பனைத்துறைக் கடல் செத்துக் கிடந்தது. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்ற காலமும், கடல் சூடேறி மிச்சப் பாறை வெளுத்துப்போன காலமும் சேர்ந்து அதை முடித்துவிட்டிருந்தன. ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். அப்போதுதான் ஓய்வு பெற்ற ரோந்துக் கப்பல் ஒன்றை இழுத்துவந்து, பீரங்கிகளையும் எண்ணெயையும் அகற்றிவிட்டு, பன்னிரண்டு பாக ஆழத்தில், எழுபது அடிக்குக் கீழே, உட்கார வைத்தார்கள். கடற்படை அதற்கு என்ன பெயர் வைத்திருந்ததோ, ஊரில் அதைப் பட்டாளக் கப்பல் என்றார்கள்.

கப்பலோடு கூடவே டாக்டர் நாச்சியப்பன் வந்தார். தூத்துக்குடியில் ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் இருப்பவர். நீருக்கடியில் ஒலியைப் பற்றிப் படித்தவர். ஸ்கூபா பழகிக்கொள்ள உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்று அவர் கேட்டபோது பெயர் கொடுத்த ஒரே பெண் ஜெசிந்தாதான். மூச்சை அடக்கி முங்குவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்தது. சிலிண்டரை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்காமல் இழுத்து விட்டுக்கொண்டே இருப்பதற்குத்தான் அவள் பழக வேண்டியிருந்தது.

முதல் நாட்களில் படகில் வைத்து அவள் அவரிடம் கேட்டாள், மீனுக்குக் காது உண்டா என்று.

"உண்டு. முட்டையிலேருந்து வர்ற குஞ்சு அரிசி அளவுகூட இருக்காது. நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போகும். அமாவாசை இருட்டுல எங்கேயாவது ஒரு பாறையில ஒதுங்கியாகணும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தத்தை வச்சுத்தான் வீடு தேடும். உயிருள்ள பாறை ஓயாம சத்தம் போடும். செத்த பாறை போடாது."

"அப்ப இந்தக் கப்பலு?"

"இரும்பு. ஊமை. அதுக்கு ஒரு குரல் குடுக்கப் போறோம்."

ஆறு ஒலிப் பெட்டிகள். கப்பலின் சுக்கான் அறையில், எஞ்சின் அறையில், மேல்தளத்தில் என்று ஆறு இடத்தில் திருகி வைத்தார்கள். மேலே மிதவையில் சூரிய மின்தகடு. அதிலிருந்து கேபிள். சத்தத்தைக் கரைக்கு அனுப்பக் கேட்புக் கருவி ஒன்று. பெட்டியில் ஓடியது எந்தக் கடலிலும் பதிவு செய்த சத்தம் அல்ல. உலகத்தில் மிச்சமிருக்கும் நல்ல பாறைகளை எல்லாம் ஒரு கணினி ஆண்டுக்கணக்கில் கேட்டு, எந்தச் சத்தத்துக்கு எந்தக் குஞ்சு திரும்புகிறது என்று கற்று, தானாகவே ஒரு குரலை ஆக்கியிருந்தது. எந்தப் பாறைக்கும் அப்படி ஒரு குரல் இருந்ததில்லை. இதைத் தாண்டி ஒரு குஞ்சும் போகாது என்று நாச்சியப்பன் அன்றைக்குப் பெருமையாகச் சொன்னார். அந்த வாக்கியத்தில் இன்னொரு ஊர் இருப்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

மீன் வந்தது. முதலில் கண்ணாடித் துணுக்கு மாதிரிக் குஞ்சுகள், பிறகு அவற்றைத் தின்ன வந்தவை, பிறகு அவற்றையும் தின்ன வந்தவை. இரும்பின் மேல் கடற்பஞ்சு படர்ந்தது, பவளம் பிடித்தது. வியானி மீன்பிடி வள்ளத்தை விட்டுவிட்டு முங்குகிறவர்களை ஏற்றிப்போகும் படகு வைத்தான். பாடும் கப்பலைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஜெசிந்தா அவர்களைக் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனாள். கப்பலைச் சுற்றி ஒரு எல்லைக்கு வெளியே தூண்டில் போட ஊருக்கு அனுமதி இருந்தது. வளைகுடாவிலிருந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். பனைத்துறைப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு வகுப்பறை கட்டினார்கள்.

அதே வருடங்களில் நெடுந்துறையில் வலை வெறுமையாக வந்தது.

திருவிழா முடிந்த வாரத்தில் ஜெசிந்தா சிலிண்டரோடு நெடுந்துறைக்குப் போனாள். அக்காள் வீட்டு வாசலில் கஸ்பாரின் பை கட்டி வைத்திருந்தது. கொல்லத்தில் விசைப்படகு ஒன்றில் வேலை பேசியிருந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். முங்கிப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னதும், எதற்கு என்று கேட்காமல் வள்ளத்தை இறக்கினார்.

நெடுந்துறைப் பாறை அவள் நினைத்ததைவிட ஆழம் குறைவு. பவளம் உடையவில்லை, கொம்பு கொம்பாக நின்றது. ஆனால் அதன் மேல் பாசி ஈரத் தலைமுடி மாதிரி தொங்கியது. மேய்வதற்குக் கிளிமீன் இல்லை, ஓரா இல்லை. எங்கோ ஒரு களவா மீன் தனியாகக் கிடந்தது. அதையெல்லாம் அவள் எதிர்பார்த்துத்தான் வந்தாள். எதிர்பாராதது அந்த அமைதி. பட்டாளக் கப்பலில் எப்போதும் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போலப் படபடவென்று சத்தம் காதைச் சூழ்ந்திருக்கும். இங்கே தன் மூச்சுக் குமிழிகளைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வீட்டுக்குள் காலை வைத்ததுமே ஆள் இல்லை என்று தெரிந்துவிடுமே, அப்படி இருந்தது. அவள் மூச்சை அடக்கிக் கேட்டுப் பார்த்தாள். பிறகு மேலே வந்துவிட்டாள்.

மறுநாளே தூத்துக்குடிக்குப் போய் நாச்சியப்பனிடம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. வடக்கே குஞ்சுகள் குறைவதை அவரும் பார்த்திருந்தார். நிச்சயமாகத் தெரியட்டும் என்று காத்திருந்தேன் என்றார். பிறகு அந்தச் சொல் தனக்கே பிடிக்காதவர் போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாம மீனை உண்டாக்கல, ஜெசிந்தா. வழியில போனதைக் கூப்பிட்டு வச்சுக்கிட்டோம்."

"அப்ப நிறுத்திருங்க சார். இல்லாட்டி பாதிப் பெட்டிய அங்க கொண்டு வைங்க."

நிறுத்தினால் கப்பல் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, மீன் கலைந்துவிடும் என்று அவர் நம்பினார். அது மட்டும் இல்லை. ஊர்க் கமிட்டியின் சம்மதம் இல்லாமல் பெட்டிகளைத் தொடுவதில்லை என்று தொடக்கத்திலேயே பேச்சு. நிறுத்திவிட்டு உங்கள் ஊருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவள் வீட்டு அடுப்பும் அந்தக் கப்பலால்தான் எரிந்தது.

கமிட்டி கோயில் மண்டபத்தில் கூடியது. தலைவர் இஞ்ஞாசி கோபக்காரர் அல்ல. ஜெசிந்தா பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். பாசி தொங்கும் பவளத்தைப் பற்றி, கட்டி வைத்த பையைப் பற்றி அவள் சொன்னாள். அவர் எழுந்து நின்று, அவளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நம்ம கடலு செத்துக் கிடந்தப்ப நெடுந்துறைக்காரவிய வந்து, இந்தா பாதி மீனுன்னு குடுத்தாவளா? நாமளும் கேக்கல. அவியளும் குடுக்கல. இப்ப மட்டும் என்ன புது நியாயம்?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. கைகள் உயர்ந்தன. பெட்டியைத் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. வியானி கடைசி வரிசையில் கையைத் தூக்காமலும், எதிர்த்துப் பேசாமலும் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும், ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று அவள் கேட்டாள்.

"பேசினா உன் பக்கம் பேசணும். இல்லாட்டி ஊரு பக்கம் பேசணும். ரெண்டும் என்னால ஆவல" என்றான் வியானி.

அவள் அதோடு விட்டுவிட்டாள். இரண்டு நாள் இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் இஞ்ஞாசி படகுத் துறையில் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஆறில் ஒரு பெட்டியை மட்டும் கழற்றிப் பார்க்கலாம் என்றார். மீன் குறைந்தால் அன்றைக்கே திருப்பி மாட்டிவிட வேண்டும். அவளுக்கு நம்ப முடியவில்லை. ஏன் மனம் மாறினீர்கள் என்று கேட்டாள். "உம் புருசன் ரெண்டு நாளா என் வீட்டு வாசல விட்டு நவுரல. வலை பின்னவா, படகு இழுக்கவான்னு நிக்கான். எனக்கும் வேற வேல இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

வியானியும் அவளும் சேர்ந்தே முங்கினார்கள். காற்று அடங்கி, நீர் தெளிந்து கிடந்த காலை. நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்க இறங்க, கீழே பச்சை இருட்டிலிருந்து முதலில் கொடிமரம் தெரிந்தது. அதைச் சுற்றிச் சீலா மீன்கள் கத்தி கத்தியாக ஒரே பக்கம் பார்த்து நின்றன. பிறகு மேல்தளம். பீரங்கி இருந்த வட்டப் பீடத்தில் கடற்சாமந்தி விரிந்திருந்தது. சுடுவதற்கென்று செய்த இடத்தில் ஆரஞ்சு நிறக் குட்டி மீன்கள் ஒளிந்து விளையாடின. எத்தனையோ பேரை அவள் இங்கே கூட்டி வந்திருக்கிறாள். அன்றைக்கு ஒவ்வொன்றையும் நின்று நின்று பார்த்தாள். நாளைக்கு இதில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை. வழக்கமான படபடப்புச் சத்தம் நாலா பக்கமும் நிறைந்திருந்தது.

சுக்கான் அறைக்குள் நுழைந்து, பெட்டியின் மேல் வளர்ந்திருந்த சிப்பிகளைத் தட்டி எடுத்தார்கள். நிலையத்து ஆட்கள் அந்தப் பெட்டிகளைத் திறந்து வருடங்கள் ஆகியிருந்தன. மேலே மிதவையில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு சரி. எரிந்துகொண்டுதான் இருந்தது. ஜெசிந்தா திருகாணிகளைக் கழற்றினாள், வியானி பெட்டியைச் சாய்த்தான். அடிமூடியின் விளிம்பிலிருந்து தேயிலைத் தண்ணீர் மாதிரி துரு நீர் கசிந்து பரவியது.

அவள் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தாள். அதிரவில்லை.

கேபிள் இன்னும் மாட்டியபடிதான் இருந்தது. அவள் துடுப்புக் காலை உதைத்து மேல்தளத்துப் பெட்டிக்குப் போனாள், கை வைத்தாள். எஞ்சின் அறைக்குப் போனாள். ஒன்றிலும் அசைவு இல்லை. பின்னாலேயே வந்த வியானி என்ன என்று கையால் கேட்டான். சைகையில் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பெட்டி ஊமை, சத்தம் மட்டும் சுற்றிலும் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் மாஸ்க்குக்குள் கண்கள் விரிவதை அவள் பார்த்தாள்.

விஷயம் தெரிந்ததும் இஞ்ஞாசி ஆறு பெட்டிகளையும் மேலே ஏற்றச் சொன்னார்; நாச்சியப்பன் கரையில் அவற்றைத் திறந்தார். ஆறிலும் உள்ளே உப்பு பூத்திருந்தது. மின்பலகைகள் பச்சை பிடித்து உதிர்ந்தன. போன புயலுக்கும் முந்தைய புயலில் மூடிகள் விட்டுப்போயிருக்க வேண்டும் என்றார். மிதவை விளக்கு மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். கப்பலில் வைத்த கேட்புக் கருவி சத்தம் வருகிறது என்று சொன்னது, அவர் அதைத் தன் பெட்டி என்று நினைத்திருந்தார். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரோடு மணலில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா நான் கேட்டது என் பெட்டியை இல்ல. கப்பலையேதான். இறாலும் மீனும் போடுற சத்தம். வந்து குடியேறினதுங்க அடுத்ததைக் கூப்பிட்டிருக்கு."

"அப்ப எங்கக்கா ஊருக்கு ஏன் சார் மீன் போகல? பெட்டிதான் கத்தலயே."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "குஞ்சு இப்போ போயிட்டுதான் இருக்கும். பெட்டி ஓடின காலத்துல நெடுந்துறைப் பாறை ஊமையாயிடுச்சு. அங்கே கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லாததால நிக்காம போயிடுது."

கமிட்டி மறுபடி கூடியது. இந்த முறை வேறு விதமான பேச்சு எழுந்தது. பெட்டி செத்தே ரெண்டு வருடம் என்றால் நெடுந்துறைப் பழி நம் மேல் இல்லை, விட்டது தொல்லை என்று ஒருவர் சொன்னார். பாடும் கப்பல் என்று வருகிறவர்களிடம் பெட்டி செத்த கதையைச் சொல்லாதிருப்பது நல்லது என்றார் இன்னொருவர். ஜெசிந்தா எழுந்தாள்.

"பழி இல்லன்னா சந்தோசம். நானும் அதக் கேக்க வரல. பெட்டி நமக்கு வேண்டாம்னு ஆயிப்போச்சு. வேணுங்கிறவியளுக்குக் குடுத்தா நமக்கு என்ன குறஞ்சிரும்?"

வியானி இந்த முறை எழுந்து நின்றான். கப்பல் பாடத்தானே செய்கிறது, பாடுவது மீன் என்று சொன்னால் வருகிறவர்கள் இன்னும் ஆசையாகக் கேட்பார்கள் என்றான். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இஞ்ஞாசி சிரிக்கவில்லை. கொடுக்கிறதாக இருந்தால் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும், உடைந்ததைக் கொடுத்து நல்ல பேர் வாங்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

பழுது பார்க்க மாதங்கள் ஆயின. பெட்டிக்குள் எதை ஓட்டுவது என்பதில் நாச்சியப்பன் நீண்ட நாள் தயங்கினார். கடைசியில் கணினி ஆக்கிய அந்தக் குரலை அழித்தார். பட்டாளக் கப்பலில் பதிவான சத்தத்தையே, ஒலியைக் குறைத்து வைத்தார். போகிற எல்லாவற்றையும் இழுக்கக் கூடாது, நிற்க நினைப்பதற்குக் கேட்டால் போதும் என்று ஜெசிந்தாவிடம் சொன்னார்.

நெடுந்துறைப் பாறையில் கான்கிரீட் பீடம் போட்டுப் பெட்டிகளை வைத்து, மேலே மிதவை கட்டி, கரையிலிருந்து தனிக் கேபிளில் கேட்புக் கருவி ஒன்றையும் இறக்கினார்கள். கஸ்பார் கொல்லத்தில் இருந்தார். பீடங்களை இறக்க ஊர்ப் பெண்கள்தான் கயிறு பிடித்தார்கள். பிரகாசி பிடித்த பிடியில் உள்ளங்கை கிழிந்தது. முதல் அமாவாசைக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. ஊரில் இது கண்கட்டு வித்தை என்று பேசிக்கொண்டார்கள். அதற்கடுத்த முறை முங்கிய ஜெசிந்தா, பாசிக்கு நடுவே நகக்கீறல் மாதிரி வெள்ளைக் கோடுகளைக் கண்டாள். கிளிமீன் குட்டி கடித்த தடம். மேலே வந்து சொன்னபோது பிரகாசி அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அந்த வருடக் கடைசியில் ஊருக்கு வந்த கஸ்பார் திரும்பிக் கொல்லம் போகவில்லை.

அதற்குப் பிறகு ஜெசிந்தாவுக்குப் பிரசவம், பெண் குழந்தை. கருவுற்றதிலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் அவளால் கடலில் இறங்க முடியவில்லை. நாச்சியப்பன் மட்டும் அவ்வப்போது போனில் பேசுவார். நெடுந்துறைக் கேட்புக் கருவியில் வரும் சத்தம் மாதத்துக்கு மாதம் ஏறுகிறது, புதுப் பெட்டிகள் அருமையாக வேலை செய்கின்றன என்பார்.

குழந்தையை வியானியிடம் விட்டுவிட்டு அவள் முதல் தடவையாகத் திரும்பவும் நெடுந்துறைக்கு முங்கப் போனாள். கஸ்பார் சுக்கானைப் பிடித்தார், பிரகாசியும் வள்ளத்தில் ஏறிக்கொண்டாள். பாறை இருக்கும் இடத்துக்கு வந்தபோது ஜெசிந்தா எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். மிதவையைக் காணோம்.

"அக்கா, மிதவை எங்க? கேபிள் அறுத்துட்டுப் போயிருச்சா?"

"கீழ போயிப் பாத்துட்டு வா" என்றாள் பிரகாசி.

ஜெசிந்தா பதற்றத்தோடு இறங்கினாள். பாதி ஆழத்திலேயே சத்தம் வந்துவிட்டது. கடுகு வெடித்தது, இடையிடையே ஏதோ மீன் மரக்கதவு மாதிரி முனகியது. பாறையில் பாசி ஓரங்களில் மட்டும் மிச்சமிருந்தது. ஓரா மீன்கள் கூட்டமாக மேய்ந்து நகர்ந்தன. கான்கிரீட் பீடங்கள் ஆறும் இருந்த இடத்தில் இருந்தன. மேலே பெட்டிகள் இல்லை. கடல் பிய்த்துக்கொண்டு போகவில்லை, திருகாணிகள் ஒழுங்காகக் கழற்றப்பட்டிருந்தன. திருகாணி இருந்த துளை ஒன்றிலிருந்து சுண்டுவிரல் அளவு மீன் ஒன்று தலையை நீட்டி, அவளைக் கண்டதும் உள்ளே போய்விட்டது.

மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கைத் தூக்கினாள். பிரகாசி அவள் முகத்தைப் பார்க்காமல் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"முத்தன்தோப்புலேருந்து நாலு பொம்பளைய வந்தாவ, ஈஸ்டர் கழிஞ்சு. நமக்கும் வடக்க. எங்க வலையில ஒண்ணும் இல்லக்கான்னு சொல்லிட்டு வாசல்லயே நிக்காவ, உள்ள வரமாட்டங்காவ. நான் என்னத்தச் சொல்ல? சங்கு குளிக்கிற பயல்வ ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போயி உங்க அத்தான் கழட்டிக் குடுத்துட்டாவ."

ஈஸ்டர் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம்கூட நாச்சியப்பன் போனில் பெட்டிகளைப் புகழ்ந்தது ஜெசிந்தாவுக்கு நினைவு வந்தது. தண்ணீரில் கிடந்தபடியே சிரித்தாள். கஸ்பார் எஞ்சினைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

"சாரு கோவிப்பாவளா?" என்று பிரகாசி கேட்டாள்.

"கோவிக்க மாட்டாரு. மணல்ல உக்காந்திருவாரு."

அவளைக் கைகொடுத்து ஏற்றினார்கள். வள்ளத்தில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்துகொண்டே, அங்கே பெட்டியை எதன் மேல் வைத்தார்கள், பீடம் போட்டார்களா, பாறை எவ்வளவு ஆழம் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்காளுக்கும் தெரியவில்லை, அத்தானுக்கும் தெரியவில்லை. கடலுக்குள் எப்படியோ இறக்கிவிட்டார்களாம், அவ்வளவுதான் கேள்வி.

ஜெசிந்தா சிலிண்டரின் அளவுமானியைத் திருப்பிப் பார்த்தாள். பாதிக்கு மேல் காற்று இருந்தது.

"வடக்க விடுங்க அத்தான்" என்றாள்.